கீல்

எங்கள் சமையலறைக் கதவு உள்பக்கமாகத் திறக்கும்.
திறந்தால் ஃபிரிட்ஜில் போய் இடிக்கும்.
ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமானால்
முதலில் உள்ளே வர வேண்டும்
வயிற்றை எக்கிப் பக்கவாட்டில் திரும்ப வேண்டும்
கதவைச் சாத்த வேண்டும்
மேசையைத் தொடையால் ஒரு சாண் நகர்த்த வேண்டும்.
ஒரு முட்டைக்கு இவ்வளவு பூஜை.
பதினோரு வருடம்.

திபிலிசியின் வடக்கு ஓரம்,
ஒன்பது மாடிக் கட்டடத்தில் ஏழாவது மாடி.
இங்கே லிஃப்டுக்குக் காசு போட வேண்டும்.
வாசலருகே ஒரு கிண்ணத்தில்
பத்துத் தெத்ரி நாணயங்கள் கிடக்கும்.
பக்கத்து வீட்டு நோதார் கூட
கேட்காமல் எடுத்துப் போவான்,
கேட்காமல் திருப்பி வைப்பான்.

என் இடுப்பில்,
கைப்பிடியின் உயரத்துக்குச் சரியாக,
ஆறாமல் ஒரு கன்றல்.
மகள் எலிசோ அதற்கு
அம்மாவின் ஏரி என்று பெயர் வைத்திருந்தாள்.
குளிர்காலத்தில் நீலம். வெயில் வந்தால் மஞ்சள்.

யோசிக்காமல் இல்லை.
சின்ன மேசை வாங்கினோம்.
ஃபிரிட்ஜை ஜன்னலோரம் நகர்த்தினோம்,
ஜன்னல் திறக்க மறுத்தது.
ஜெமால் ஒருமுறை சிகரெட் அட்டையில்
சுவரை இடிப்பதற்கே படம் வரைந்தான்.
அதற்குச் சேர்த்த பணத்தை
அவனுடைய மினிபஸ்ஸின் கியர்பாக்ஸ் தின்றது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய், கரண்ட் போனது.
அடுப்பில் பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது.
மெழுகுவர்த்தியைத் தூக்கிக்கொண்டு
வழக்கம்போல இடித்துக்கொண்டு
நின்றேன்.
வெளிச்சம் கதவின்மேல் மட்டும் விழுந்தது.
அறையை அல்ல, மேசையை அல்ல,
இதைத்தான் எடுத்துவிட்டால் என்ன?

மூன்று கீல்கள், பன்னிரண்டு திருகுகள்,
அவற்றின்மேல் நாலு பூச்சுப் பெயின்ட்.
ஸ்க்ரூடிரைவர் மினிபஸ்ஸில் இருந்தது.
கத்தியின் முனை உடைந்தது.
கிண்ணத்திலிருந்து ஒரு பத்துத் தெத்ரி எடுத்தேன்.
திருகின் பள்ளத்தில் அது
அளவெடுத்துச் செய்ததுபோல் உட்கார்ந்தது.
(அந்தக் காசை இப்போது லிஃப்ட் ஏற்பதில்லை.)

கதவு என் தோளில் சாய்ந்தபோது
நினைத்ததைவிடக் கனம்.
நடனம் தெரியாத ஆளோடு ஆடுவதுபோல
பால்கனி வரை கொண்டுபோனோம்
நானும் எலிசோவும், சிரித்துக்கொண்டே.

ஏழு மாடி இருட்டில் ஏறி
மூச்சு வாங்க வந்தான் ஜெமால்.
வயிற்றை எக்கினான்.
பக்கவாட்டில் திரும்பினான்.
உள்ளே வந்து
இல்லாத கதவைப் பின்கையால் சாத்தினான்.
ஃபிரிட்ஜைத் திறந்து
தயிர்ப் பாட்டிலை எடுத்துப் பாதி குடித்துவிட்டு
“என்னவோ குளிருதே” என்றான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
எலிசோ மேசைக்கடியில் புகுந்துகொண்டாள்.

அதற்குப் பிறகும் மூன்று வாரம்
மூவரும் பக்கவாட்டில்தான் நுழைந்தோம்.
பாத்திரம் கழுவும் சத்தம் படுக்கைவரை வந்தது,
எலிசோவின் பெருக்கல் வாய்ப்பாடு
கொதிக்கும் பீன்ஸ்வரை வந்தது.
தப்பான விடைக்கு
கரண்டியோடு திரும்பி “ஐம்பத்தாறு” என்கிறேன்.
ஏரி வற்றிவிட்டது.

ஆனால் ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை.
வட்டிக்காரனிடம் பேசும்போது ஜெமால்
அந்தக் கதவைத்தான் சாத்திக்கொள்வான்.
நானும் சில நாள்,
வெங்காயம் இல்லாத நாள்களிலும்.

கதவு இப்போது பால்கனியில்
இரண்டு முக்காலிகள்மேல் படுத்திருக்கிறது.
வால்நட் காயவைக்கிறோம்.
கைப்பிடியைக் கழற்றலாம் என்றால் ஜெமால் வேண்டாமென்கிறான்.

நேற்றிரவு அவன் போன் அடித்தது.
எழுந்து பால்கனிக்குப் போனான்.
கண்ணாடி வழியே பார்த்தேன்:
தாழ்ந்த குரலில் பேசியபடி
வால்நட்டுகளுக்கு நடுவே கைவிட்டு
அந்தக் கைப்பிடியைப்
பிடித்துக்கொண்டிருந்தான்.

பேசி முடித்து வந்தான்,
நேராக, அகலமாக,
முழு உடம்போடு உள்ளே.
“எவ்வளவு பாக்கி?” என்றேன்.
சொன்னான்.
பதினோரு வருடத்தில் முதல்முறையாகச்
சரியான தொகையை.